மரியதாஸ் அண்ணாச்சிக்குப் போட்ட புள்ளிகள்

மரியதாஸ் அண்ணாச்சி இன்று காலையில் இறந்துவிட்டார்.

எழுபதுகளில் தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரே கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தோம். நான் கிளார்க். அவர் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது.

எங்கள் பழைய கம்பெனி அதற்குள் முகநூலில் அஞ்சலி போட்டுவிட்டது. முழுக்க பிரெய்ல் புள்ளிகளில்... ஓர் எழுத்துகூடத் தமிழில் இல்லை.

கீழே "சூப்பர் ஐடியா", "கண் கலங்கிவிட்டது" என்று கமெண்டுகள். கலங்குவதற்குக் கண் உள்ளவர்கள் போட்டவை.

அந்தக் கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

அப்போது ஆபீஸில் டெலக்ஸ் மெஷின் இருந்தது. செய்தியைக் காகித நாடாவில் ஓட்டைகளாக அடித்து ஓடவிட்டால், கொழும்பில் எழுத்தாக விழும். ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் ஐந்து ஓட்டை.

அண்ணாச்சி ஒருநாள் குப்பைக் கூடையிலிருந்து நாடாவை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"ஏலே, இது நம்ம சங்கதில்லா! எங்களுக்கு ஆறு புள்ளி. இவன் அஞ்சுதான் குடுத்திருக்கான், கஞ்சப் பய."

எந்த ஓட்டைக்கு எந்த எழுத்து என்று கேட்டுக் கேட்டு என்னைப் படுத்தி எடுத்தார். மழைக்காலம் முடிவதற்குள் நாடாவை விரலால் வாசித்தார்.

டெலக்ஸ் ஆபரேட்டர் காயல்பட்டினத்துக்காரர். விசா கிடைத்து துபாய்க்குப் போனதும் மெஷினை அண்ணாச்சிதான் ஓட்டினார். அந்த வேலையைத் தனக்கே கொடுக்கச் சொல்லிக் கேட்டார்.

மேனேஜர் கூப்பிட்டார். "நல்லாத்தான் செய்யுதீரு மரியதாஸ். ஆனா வெளிநாட்டுக் கேப்டன் யாரும் வந்து பாத்தா நல்லாவா இருக்கும்?"

"பாக்குறது அவுக பாடு சார். எனக்கு அந்தத் தொந்தரவு இல்ல."

வேலை மேனேஜரின் மச்சினனுக்குப் போனது. அவருக்கு இரண்டு கண்ணும் இருந்தன. வேறு தகுதி எதையும் நான் கேள்விப்படவில்லை.

பிறகு ஆபீஸ் வாசலில் பலகை வைத்து ஊழியர்கள் பெயரையெல்லாம் எழுதினார்கள்.

"ஏலே, நம்ம பேரு எத்தனாவது வரி?"

"இல்ல அண்ணாச்சி. அவருக்கு எப்படியும் தெரியாதேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

"சரி... பெயிண்டு மிச்சம்."

அன்று சாயங்காலம்வரை அவர் போன் அடிக்கும்போதெல்லாம் எடுத்து, கம்பெனி பெயரைச் சொன்னார்.

இன்று மதியம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சலேத் அக்கா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போனைக் காதில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைப் போன்தான் வாசித்துச் சொல்லும்.

கம்பெனியின் அஞ்சலி ஓடிக்கொண்டிருந்தது. "டாட்ஸ் டூ த்ரீ ஃபோர்... டாட்ஸ் ஒன் டூ ஃபைவ்..."

கணினியில் 'அ'வுக்கு ஓர் எண் இருப்பதுபோல பிரெய்லின் ஒவ்வொரு புள்ளி அமைப்புக்கும் தனி எண் உண்டு. திரையில் அது புள்ளிப் படம். விரலுக்கு வெறும் கண்ணாடி. அக்காவின் போனுக்கு அது எழுத்தே இல்லை, எந்தெந்தப் புள்ளி என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். சாதாரணத் தமிழில் நாலு வரி போட்டிருந்தால் கடகடவென்று வாசித்திருக்கும். ஆனால் அதை யார் "சூப்பர் ஐடியா" என்பார்கள்?

புருஷனை அடக்கம் செய்யவேண்டிய நாளில் அந்த அம்மாள் புள்ளிகளைக் கேட்டுக் கேட்டு எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா எழுதியிருக்காங்க?"

"இங்கிலீஷ்ல இருக்கு தம்பி. கம்பெனி பேரு வந்துட்டு. அட்ரஸ் வந்துட்டு. இப்போ அவங்க போன் நம்பரு ஓடுது."

கொஞ்சம் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இவுக பேரு இன்னும் வரல."

சலேத் அக்கா, இந்தக் கடைசி வரி உங்கள் போனுக்கு.

மரியதாஸ். மரியதாஸ் அண்ணாச்சி... போய்வாரும்.