கொய்யா மரம் குடித்த தண்ணீர்

அப்பா எங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார் என்ற பயத்தில் அந்தக் கோடையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹைதராபாத் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாய் வந்தது, அதுவும் அரைமணி நேரம். "தண்ணி இல்லாம எப்படிக் குடும்பம் நடத்துறதாம்? மழை விழுற வரைக்கும் அருப்புக்கோட்டையில இருக்கச் சொல்லு" என்று அப்பா என்னிடம் சொன்னார். அம்மா இரண்டடி தள்ளிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "முடிவெடுத்தவுகளையே டிக்கெட்டும் எடுக்கச் சொல்லு பாப்பா" என்று அவளும் என்னிடமே சொன்னாள். அந்த வருடம் எங்கள் வீட்டில் பேச்சு என் வழியாகத்தான் போய்வந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் போர்டில் ஒரு மரம் வரைந்தார். வேர் குடித்த தண்ணீரை இலைகள் ஆவியாக விடும், அது மேகமாகி மழையாகத் திரும்பும் என்றார். மற்றவர்கள் படம் போட்டுக்கொண்டார்கள். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அரிசி களைந்தது, பாத்திரம் துலக்கியது என்று எல்லாத் தண்ணீரையும் அம்மா பின்பக்கக் கொய்யாவுக்குத்தான் ஊற்றுவாள். உதிர்ந்த இலையையும் அதன் காலடியிலேயே தள்ளுவாள். மக்கி மறுபடி மரத்துக்குள்ளேயே போய்விடும் என்பாள். இலை சரி, நம் காம்பவுண்டுக்குள்ளேயே கிடக்கிறது. தண்ணீர்? அது மேகமாகி ஊரின் இன்னொரு கோடியில், மெஹதிபட்டணத்தில் போய் விழுந்தால் யாரைக் கேட்பது?

ஃபாக்டரியில் உதிரி பாகங்கள் வந்த பாலிதீன் பைகளை, புத்தகத்துக்கு அட்டை போட அப்பா கொண்டுவந்திருந்தார். ஆறு பைகளைக் கிளை நுனிகளில் மாட்டி, என் ரிப்பன்களால் இறுக்கிக் கட்டினேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, தன் உருதுவும் எங்களோடு பழகிய அரைத்தமிழுமாகக் கேட்டாள்: "கைக்கு ரீ, ஏன்டி, கொய்யாவுக்கு ஜுரமா? குல்லா போட்டிருக்கே!"

"நக்கோ, வேண்டாம் ஆன்ட்டி, தொடாதீங்க" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

பை கிழிந்துவிடுமோ, அணில் கடித்துவிடுமோ என்று நாள் முழுக்க ஓடி ஓடிப் பார்த்தேன். சாயங்காலம் எல்லாவற்றையும் வடித்தால் கால் டம்ளர் தேறியது. டூட்டி முடிந்து வந்த அப்பாவிடம் நீட்டினேன்.

"இனிமே தண்ணி வெளிய போகாதுப்பா. நாங்க இங்கயே இருக்கலாம்ல?"

அப்பா டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே மடக்கில் குடித்தார். வாசலுக்குப் போய், காலையில் துடைத்த சைக்கிளை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் ரயிலேறினோம்.

அருப்புக்கோட்டையில் மாமா வீட்டிலிருந்து நல்ல தண்ணீருக்கு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். அம்மா ஒரு நடை, நான் இரண்டு நடை. எப்படியும் திரும்பப் போகிறவள்தானே என்று என்னை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. அப்புறமும் சேர்க்கவில்லை. ஆடியில் அப்பாவின் கார்டு வந்தது. இங்கே நல்ல மழை, குழாய் தினமும் வருகிறது என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான் எழுதியிருந்தார். நான் அவசரமாகத் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அம்மா வந்து ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கொடியில் போட்டாள்.

தண்ணீர் இல்லையென்று யாராவது குடும்பத்தை அருப்புக்கோட்டைக்கு அனுப்புவார்களா என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஹைதராபாத்தில் பெய்த மழை போதவில்லை போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் பெய்ய வேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டே குடத்தை இடுப்பில் ஏற்றினேன்.