நர்சம்மாவின் கட்டைவிரல்

குட்டையான விரல். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். வந்து உட்கார்ந்ததும் நர்சம்மா அந்தக் கட்டைவிரலை என் வீட்டுக்காரரின் வீங்கிய புறங்காலில் வைத்து அமுக்குவார். எடுத்த பிறகு, விழுந்த குழி எப்போது நிரம்புகிறது என்று பார்த்துக்கொண்டே மனதுக்குள் எண்ணுவார். பிறகு நோட்டில் எழுதுவார். முதல் நாள் அதைப் பார்த்ததுமே எனக்கு உடம்பு கொதித்தது. நாற்பது வருஷம் திருவேட்டக்குடியிலிருந்து மீன் கூடையோடு போய் கோவில்பத்துத் தெருக்களில் விற்றவள் நான். மீனை அப்படித்தான் அமுக்கிப் பார்ப்பார்கள். குழி உடனே நிரம்பினால் இன்றைய மீன், நிரம்பாவிட்டால் பழசு. என் கூடையில் விரல் வைத்த வீட்டுக்கு மறுபடி நான் போனதில்லை. இந்த அம்மாள் என் வீட்டுக்குள்ளேயே வந்து என் புருஷன் மேல் விரல் வைக்கிறாரே என்றிருந்தது.

அவருக்கு வாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாரம் ஒரு நாள் நர்சம்மா வருவார் என்றார்கள். வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் பார்த்துக்கொண்டால் நோயாளி எவ்வளவு தேறுகிறார் என்று கணக்கெடுப்புக்காக அளக்கிறோம் என்று அவரும் சொன்னார். நான் நம்பவில்லை. துபாயில் இருக்கும் என் மகன் அந்த நேரத்தில்தான் போனில், "ஒன்னால முடியலன்னா சொல்லும்மா, டவுன்ல வயசானவங்க ஹோம் இருக்கு, அங்க விட்டுருவோம்" என்று சொல்லியிருந்தான். அவன் சொன்னதும் இந்த அம்மாள் நோட்டோடு வந்ததும் ஒரே வாரம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் படிப்பு வேண்டுமா? நோட்டு நிரம்பினால் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று முடிவு செய்துவிட்டேன்.

கேட்ட கேள்விகளும் அப்படித்தான் இருந்தன. அவரைப் பற்றிக் கேட்டது கொஞ்சம், என்னைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். எத்தனை மணி நேரம் தூங்குகிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேனா, ஒத்தாசைக்கு யார் வருகிறார்கள், அழுகை வருகிறதா. ஒவ்வொன்றும் எனக்குத் தூண்டில் முள்ளாகத் தெரிந்தது. நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன், யாரும் தேவையில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவர் எழுத்து ஓடுகிற எழுத்து, எட்டிப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நாள் நர்சம்மா என் வீட்டுக்காரரிடமே குனிந்து, "அம்மா நல்லா பாத்துக்கிறாங்களாய்யா?" என்று கேட்டார். ஆமாம் என்று அவர் கண்ணையாவது சிமிட்டியிருக்கலாம். சுவரைப் பார்த்தார்.

இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லியிருந்தார்கள். வலை இழுத்த உடம்பு அவருடையது. ஒற்றை ஆளாக என்னால் காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம்தான் புரட்ட முடிந்தது. அடுத்த வீட்டில்தான் நாத்தனார் இருந்தாள், அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி. ஆனால் அவர் விழுந்த அன்று, "இவ கூடையத் தூக்கிட்டுப் போயிட்டா, எங்கண்ணன் கேட்பாரில்லாம கெடந்தாரு" என்று தெருவில் நின்று சொன்னவள் அவள். அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அவரைப் புரட்ட அவளைக் கூப்பிடுவதா? இப்படியே இருந்ததில் அவர் இடுப்புக்குக் கீழே தோல் கறுத்து, பிறகு உரிந்து, புண்ணாகிவிட்டது.

பழைய மீனைப் புது மீனாகக் காட்டுவது எப்படி என்று சந்தையில் இருந்தவளுக்குத் தெரியாதா? நான் அப்படி விற்றதில்லை, ஆனால் விற்றவர்களின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நர்சம்மா வரும் நாளில் முதுகு சுவர்ப்பக்கம் இருக்கும்படி அவரைச் சாய்த்துவிட்டு, புது வேட்டி கட்டி, பவுடர் போட்டு, வாடை தெரியாமல் இருக்க சாம்பிராணிப் புகை போட்டு வைத்தேன். இரண்டு வாரம் தப்பியது. மூன்றாவது வாரம் நர்சம்மா வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார். "இன்னைக்குமா சாம்பிராணி?" என்று மட்டும் கேட்டார். உள்ளே வந்து காலை அமுக்கவில்லை. நேராக அவர் தோளையும் இடுப்பையும் பிடித்து முதுகை என் பக்கம் திருப்பினார்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். பையிலிருந்து காகித டேப் ஒன்றை எடுத்துப் புண்ணை அளந்தார், கழுவிக் கட்டினார், நோட்டை எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "எழுதினதப் படிச்சுக் காட்டு. எம் மவனுக்குத்தானே போவுது?" என்றேன். அவர் மறுக்காமல் முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். என் வீட்டுக்காரரின் கால் வீக்கம், புண் நாலு சென்டிமீட்டர் எல்லாம் ஒரு பக்கம். எதிர்ப் பக்கம் முழுக்க நான். தூங்குவதாகச் சொல்கிறார், கண் சிவந்திருக்கிறது. சாப்பிட்டதாகச் சொல்கிறார், அடுப்பு பற்றவைத்த அடையாளம் இல்லை. உதவிக்கு யாரும் இல்லை. நான் சொன்னதும் நர்சம்மா கண்டதும் வரிக்கு வரி பக்கத்தில் இருந்தன.

"படுத்திருக்கறவரு அவரு. என்னை எதுக்கு எழுதின?"

"நீங்க எப்படி இருக்கீங்களோ அதை வெச்சுத்தாம்மா அவருக்குப் புண்ணு கூடுறதும் கொறையிறதும். அதத்தான் அளக்குறோம். ஒங்க மவன் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க." நோட்டை மூடிவிட்டு, "இவரைப் புரட்ட ரெண்டு ஆளு வேணும். நீங்க ஒரு ஆளுதானே?" என்றார்.

மகன் விஷயத்தை அப்போதும் நான் முழுக்க நம்பவில்லை. ஆனால் புண்ணை அளந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டேனே. மறுநாள் காலையில் நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான், "ஒங்கண்ணனப் புரட்டணும்" என்றேன். அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே, "எங்கண்ணனத் தொட நீ கூப்பிடணுமேன்னுதான் அண்ணி இத்தன நாளா ஒக்காந்திருந்தேன்" என்றாள். வந்தாள். அன்றிலிருந்து இரண்டு பேருமாகப் புரட்டினோம். அவள் இருக்கும் நேரம் நான் தூங்கினேன்.

வாராவாரம் டேப் வைக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். எழுத்து வராவிட்டாலும் எண் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தராசுத் தட்டில் விரல் வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். டேப்பைத் தளர்த்தியும் பிடிக்கலாம், இழுத்தும் பிடிக்கலாம். "இன்னொரு தடவ வை" என்பேன். நர்சம்மா முகம் சுளிக்காமல் இரண்டாம் தடவை வைப்பார். நாலு, மூன்றரை ஆனது. மூன்று ஆனது. ஒன்றரை ஆன அன்று டேப்பை என் கையில் கொடுத்து, "நீங்களே வெச்சுப் பாருங்க" என்றார். ஒன்றரைதான்.

புண் ஆறிய பிறகு கொஞ்ச நாளில் நர்சம்மா வருவது நின்றது. கணக்கெடுப்பு முடிந்துவிட்டதாம். எங்களை அளந்து என்ன கண்டுபிடித்தார்கள் என்று இன்றுவரை யாரும் வந்து சொல்லவில்லை. அந்த நோட்டு எங்கே போனது என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு. என் வீட்டுக்காரரை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் இருந்தார். கடைசியாக அவரைக் குளிப்பாட்டிய அன்று முதுகில் ஒரு கீறல் இல்லை. நானும் நாத்தனாரும் பார்த்தோம்.

இப்போது என் கால் வீங்குகிறது. குழி விழுந்தால் நிரம்ப நேரமாகிறது என்று தனியாக அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு மாதம் சேலையை இழுத்து விட்டு மறைத்தேன். நாத்தனார் கண்டுபிடித்து, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லிவிட்டாள். போன வாரம் புதிதாக ஒரு நர்சுப் பெண் வந்தாள். அவளிடம் நோட்டு இல்லை, போனிலேயே எழுதிக்கொள்கிறாள். நன்றாகத் தூங்குகிறீர்களா என்று கேட்டாள். வழக்கமான பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எதிரே நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்று சொல்லிக் காலை நீட்டினேன். "அமுக்கிப் பாரு. எழுதினதப் படிச்சுக் காட்டிட்டுப் போ."