உப்பளத்துக்குக் கை காட்டியவள்

காலையில் நான் மரக்காணத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் பெண் வருவாள். பிளஸ் ஒன் சீருடை, இரட்டைச் சடை, கடித்துக் கடித்துத் தேய்ந்த நகங்கள். உப்பளம் வந்ததும் ஜன்னல் வழியே கை காட்டுவாள்.

ஒருநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த குரூப் என்று கேட்டேன்.

“பர்ஸ்ட் குரூப்புக்கா. எனக்குக் கணக்கே வராது. என் ப்ரெண்டுதான், ‘சேருடி, நான் சொல்லித் தர்றேன்’னா. அப்புறம் அவங்கம்மா முடியாம படுத்துட்டாங்க. அவ உப்பு வாரப் போயிட்டா.”

“நீ குரூப்ப மாத்திக்கலாம்ல?”

“மாத்திட்டா, அவ திரும்பி வந்தா தனியா உக்காரணுமேக்கா.”

வெளியே தலையில் துண்டு கட்டிய பெண்கள் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

“இதுல அவ யாரு?”

“தெரியலக்கா. இங்கேர்ந்து எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்காங்க. அதான் எல்லாருக்கும் காட்டறேன்.”

மழை பிடித்து உப்பு வேலை நின்ற மறுநாள், அவள் பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் போட்டிருந்தாள். கேட்டவர்களிடமெல்லாம் “ஆள் வருதுங்க” என்றாள். உப்பளம் கடந்தது, யாரும் ஏறவில்லை. பையை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மரக்காணம் வரை நின்றுகொண்டே போனேன்.