அந்தச் சத்தமில்லாத இடம்

தியேட்டர் ஸ்டாண்டில் வண்டிகளுக்கு டோக்கன் கொடுத்தே வளர்ந்தவள் என்பதால், கல்லூரியில் அவளுக்கு டோக்கன் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவள் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டால் பெயர் இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தவள்.

அப்பா அந்த ஸ்டாண்டின் காவலர். வீடு என்று இருந்தது ஒற்றை அறை. அதன் பின்சுவரும், தியேட்டரில் திரை மாட்டியிருந்த சுவரும் ஒன்றுதான். திரைக்குப் பின்னாலிருந்த ஸ்பீக்கர்கள் நேராக இவர்கள் காதில்தான் பேசின. கதாநாயகி அழத் தொடங்கினால் அம்மா கொடியிலிருந்து துணி எடுக்கப் போவாள். வில்லன் சிரித்தால் மகள் வீட்டுப்பாடத்தை மூடி வைப்பாள். ஆனால் மூன்று பேரில் ஒருவர்கூட ஒரு படத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. படம் ஓடும்போது வண்டிகளைக் காக்க வேண்டும். முடியும்போது ஊரே டோக்கனை நீட்டிக்கொண்டு வந்து நிற்கும். ஒரே ஒருமுறை, ஒரு பாட்டுக்காக அப்பா உள்ளே எட்டிப் பார்த்த நேரத்தில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. அன்றோடு உள்ளே போவதில்லை என்று சபதம். வீட்டில் டிவி இருந்தது. அதையும் கேட்டார்கள்.

அதற்காகப் படம் தெரியாது என்று யாராவது சொல்லிவிட முடியுமா? அப்பாவுக்குத் தெரியாத வசனம் கிடையாது. டோக்கன் வாங்கும்போது "படம் எப்படிங்க?" என்று கேட்பவர்களுக்கு முழுக்கதையும் சொல்லி அனுப்புவார். கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

இந்த வீட்டுக்கு உறவுக்காரரைப் போல வந்துபோன ஒரே ஆள், தியேட்டர் மாடியில் படம் ஓட்டும் ஆபரேட்டர். அவளுக்குச் சித்தப்பா முறை, கூப்பிட்டுப் பழகிய முறை. மாடியிலிருந்து இறங்கி வந்து, அப்பாவோடு டீ குடித்து, ஃபிலிம் துண்டுகளை அவள் கையில் வைத்துவிட்டுப் போவார். அவள் பள்ளியில் படித்தபோது இரண்டு அண்ணன் தம்பிகளைப் பற்றிய படம் ஒன்று வந்து, போகவே மாட்டேன் என்று மாதக்கணக்கில் ஓடியது. வினை அதில்தான் வந்தது.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் படத்தில் ஒரு சத்தமில்லாத இடம். காலடிச் சத்தம் வரும். பிறகு ஒன்றுமே இருக்காது. வெகுநேரம் கழித்து எங்கோ ஒரு பஸ் ஹாரன். அந்த இடைவெளியில்தான் அம்மா அடுப்பைப் பற்ற வைப்பாள். அப்பாவுக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். "ரீல மாத்தாம தூங்கிட்டான்யா! மறுபடியும் தூங்கிட்டான்!" என்று முஷ்டியை மடக்கிச் சுவரில் தொம் தொம்மென்று குத்துவார்.

"அண்ணே, படமே அப்படித்தாண்ணே" என்றார் டீக்கு இறங்கி வந்த ஆபரேட்டர்.

"எனக்கே கதை விடாத. பேசாம ஒரு படம் இருக்குமா?"

அதோடு விட்டிருக்கலாம். அப்பா தியேட்டர் முதலாளியிடமும் போய்ச் சொன்னார். முதலாளியும் படத்தைப் பார்த்தவரில்லை, வசூலை மட்டும் பார்ப்பவர். எல்லோர் முன்னாலும் ஆபரேட்டரை நாலு வார்த்தை கேட்டுவிட்டார். அன்றிலிருந்து ஆபரேட்டர் டீக்கு வருவதில்லை. படியில் எதிர்ப்பட்டாலும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். அவளுக்குச் சித்தப்பா இல்லாமல் போனது அப்படித்தான். அது அவளுக்கு உள்ளூர வலித்துக்கொண்டே இருந்தது.

கல்லூரியில் வணிகவியலோடு விருப்பப்பாடம் ஒன்று எடுக்கச் சொன்னபோது, திரைப்பட ரசனை என்ற பெயரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நமக்குத் தெரியாத படமா, மார்க் தானாக வந்து விழும் என்று பெயரைக் கொடுத்தாள். வகுப்பு எடுத்தவர் நிறுத்து மேடம். படத்தை நிமிஷத்துக்கு ஒருதரம் "நிறுத்து" என்று சொல்லி நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்பவர் என்பதால் அந்தப் பெயர்.

முதல் நாள் விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். அவள் வழக்கம்போலக் கண்களை மூடிக்கொண்டாள்.

"நிறுத்து! கடைசி பெஞ்ச், தூக்கமா?"

"இல்ல மேடம், படம் பாக்கறேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதுவரை ஓடிய வசனம் முழுவதையும், நடுவில் குரைத்த நாய் உட்பட, ஒப்பித்துக் காட்டினாள். மேடம் விடவில்லை.

"சரி, பேசினவர் எங்க இருந்தார்?"

"வீட்டுல."

"வீட்டுல எங்க? உக்காந்திருந்தாரா, நின்னாரா? அவர் பொண்டாட்டி மூஞ்சி யார் பக்கம் இருந்துச்சு?"

அவள் மறுபடி கண்ணை மூடித் தேடிப் பார்த்தாள்; குரல் மட்டும்தான் கிடைத்தது. நாளையிலிருந்து முதல் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று உத்தரவு. போதாக்குறைக்கு, பல நாள் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டுப் படம் போட்டார். அப்போதுதான் அவள் நிஜமாகவே தூங்கினாள்.

ஆனாலும் முதல் பெஞ்சில் எவ்வளவு நாள்தான் தூங்குவது? மெல்ல மெல்லக் கண் பழகியது. சண்டை போட்ட கணவனும் மனைவியும் ஒரே அறையில் இருந்தும் நடுவில் ஒரு கதவு வருகிற மாதிரி நிறுத்தியிருப்பது தெரிந்தது. ஒருவன் பொய் சொல்லும்போது கேமரா அவன் வாயை விட்டுவிட்டுக் கையைப் பார்ப்பது தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் யார் மேல் விழுகிறது என்று பார்க்கத் தொடங்கியவள், பஸ்ஸிலும் அதையே பார்த்து இறங்கும் இடத்தைத் தவறவிட்டாள். இத்தனை நாள் பாதிப் படத்தை வைத்துக்கொண்டா அவ்வளவு பேச்சுப் பேசினோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் அதிகம்.

ஒருநாள் மேடம் ஒரு பழைய படத்திலிருந்து ஒரு காட்சி மட்டும் காட்டப்போவதாகச் சொன்னார். முதல் காலடிச் சத்தத்திலேயே அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதே படம். வீட்டைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போகிறான் அண்ணன். சொல்லிக்கொள்ள வந்து வாசலில் நிற்கிறான். இதோ, சத்தமில்லாத இடம். அம்மா அடுப்பைப் பற்ற வைக்கும் இடம்.

அண்ணன் கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். கீழே பார்த்தான். தம்பி வீட்டுச் செருப்புகள் ஒன்று அங்கே ஒன்று இங்கே என்று கிடந்தன. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து ஜோடி சேர்த்து வைத்தான், குழந்தையின் குட்டிச் செருப்பு வரைக்கும். நிமிர்ந்து, கதவைத் தட்டாமலே திரும்பி நடந்தான். எங்கோ பஸ் ஹாரன் கேட்டது.

"அய்யோ, சித்தப்பா தூங்கல!" என்று அவள் கத்தியே விட்டாள். யார் அந்தச் சித்தப்பா என்று வகுப்பில் யாருக்கும் விளங்கவில்லை.

அன்று மாலை வீட்டில் அவள் நடித்தே காட்டினாள். அப்பா மசியவில்லை.

"செருப்ப அடுக்கினானாம், அதப் படமா எடுத்தானாம். எத்தன தடவ கேட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"கேட்டீங்கப்பா. பாத்தீங்களா?"

"நான் உள்ள போனா வண்டிய உங்க மேடமா வந்து பாத்துப்பாங்க?"

அதற்குப் பதிலைத் தியேட்டரே கொடுத்தது. திரை மாற்றும் வேலைக்காகக் காட்சிகளை நிறுத்தினார்கள். அந்த வாரம்தான் கல்லூரியில் திரைப்பட விழா. மேடத்தின் பின்னாலேயே அலைந்து, கெஞ்சிக் கூத்தாடி, அந்தப் படத்தையே முழுசாகப் போட வைத்தாள். அப்பாவும் அம்மாவும் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்தார்கள்.

விளக்கு அணைந்ததும் அப்பா சுகமாகக் கண்ணை மூடினார். அவர் தொடையில் அவள் கிள்ளினாள். மறுபடி மூடினார், மறுபடி கிள்ளினாள். இப்படியே இடைவேளை நெருங்கியது. காலடிச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அப்பாவின் முஷ்டி தானாக மடங்குவதை அவள் பார்த்தாள். திரையில் அண்ணன் குனிந்தான். குட்டிச் செருப்பை எடுத்தபோது முஷ்டி விரிந்துவிட்டது.

"இந்த நேரத்துலயா நான் அடுப்பு பத்த வெச்சேன்" என்றாள் அம்மா, மெதுவாக.

கடைசிக் கட்டம் வந்தது, ஊருக்கு வந்த அண்ணன் மறுபடி கிளம்பும் இடம். ஓடும் கால்கள், கிறீச்சென்று பஸ் பிரேக், "அண்ணா!" என்று ஓர் அலறல், அழும் வயலின். இந்த வீட்டில் யாருக்கும் இதில் சந்தேகமே கிடையாது: அண்ணன் பஸ்ஸில் அடிபட்டுச் சாகிறான். அப்பா அத்தனை மாதமும் அதைத்தான் ஊருக்கே சொன்னார். வெளியே வந்தவர்கள் சிரித்த முகமாக வந்தபோதெல்லாம், "ஈவு இரக்கம் இல்லாத சனம்" என்று அம்மாவிடம் புலம்பினார்.

வயலின் தொடங்கியதும் அப்பா விசுக்கென்று எழுந்துவிட்டார். வயலின் என்றால் ஜனம் வரப்போகிறது, வாசலுக்கு ஓட வேண்டும் என்று அவர் கால்களுக்குத் தெரியும். அவர் சட்டையைப் பிடித்து அவள் இழுக்கப் பார்த்தாள். ஆனால் அவர் நகரவில்லை. திரையில் வெறுங்காலோடு ஓடிவந்த தம்பி பஸ்ஸை மறித்து நிற்க, அண்ணன் முழுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல், பஸ் படியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

"அட, இவன் சாகலையா!" என்றார் அப்பா, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி.

பின்னாலிருந்து "உக்காருங்க சார், மறைக்குது" என்று குரல்கள். அவர் காதில் எதுவும் விழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசி எழுத்து ஓடி மறையும்வரை நின்றே பார்த்தார்.

வீடு திரும்பும்போது அவர் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். ஸ்டாண்டைத் தாண்டி, வீட்டைத் தாண்டி, தியேட்டரின் பக்கவாட்டுப் படிகளில் ஏறினார். மேலே ஆபரேட்டர் தங்கியிருந்த அறையில் விளக்கு எரிந்தது. அவள் சத்தம் காட்டாமல் பாதிப் படிவரை போய் நின்றாள்.

மூடிய கதவுக்கு வெளியே ஆபரேட்டரின் செருப்புகள் மூலைக்கொன்றாகக் கிடந்தன. அப்பா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்தார். இரண்டையும் எடுத்து ஜோடியாக வைத்தார். நிமிர்ந்தார். கையைத் தூக்கினார். இறக்கிக்கொண்டார். திரும்பி ஒரு படி இறங்கியே விட்டார். வேண்டாம்ப்பா, அந்தப் படத்துல செஞ்ச மாதிரி செய்யாதீங்கப்பா என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள்.

அப்பா மறுபடி ஏறினார். தட்டுவதற்கு அவருக்குத் தெரிந்தது ஒரே விதம்தான். முஷ்டியை மடக்கி, தொம் தொம்மென்று கதவைக் குத்தினார்.

உள்ளேயிருந்து பதறிக்கொண்டு குரல் வந்தது: "தூங்கலண்ணே! முழிச்சிட்டுத்தான் இருக்கேன்!"