ஆலை வேலியில் மஞ்சள் முடிச்சுகள்

தைப்பூசத்துக்கு மொரீஷியஸ் போக வேண்டும், விவரம் சொல்லுங்கள் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அன்றைய பஸ் கட்டணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், அதை விடுங்கள். என் அண்ணன் அங்கே தமிழாசிரியராக இருந்தான், காவடி பார்க்க வரச் சொல்லி எழுதியிருந்தான். தீவு முழுக்கப் பின்னலாடை ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. திருப்பூர்க்காரிக்கு வேறு காரணம் வேண்டுமா?

போர்ட் லூயிஸிலிருந்து சென்ட்ர் டி ஃப்ளாக் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அங்கே வேறு பஸ் பிடித்துக் கரும்புக்காட்டுக்கு நடுவே இன்னும் இருபது நிமிடம் போக வேண்டும். ஜன்னலோரம் உட்காராதீர்கள், மழை உள்ளேயும் பெய்யும். நடத்துநரிடம் கோவிலுக்கு வழி கேட்டேன், அந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் பொழிந்து தள்ளினார். 'கோவில்' என்ற சொல் மட்டும்தான் எங்கள் இருவருக்கும் பொது. ஆனாலும் சரியான இடத்தில் இறக்கிவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணனின் மாணவர்கள் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று துணிக் கீற்றுகளை வாரிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரையில் குளித்துவிட்டுத்தான் காவடி எடுப்பார்கள். பக்கத்து ஆலை தன் கட்டிங் வேஸ்ட்டை, அதாவது வெட்டி மிஞ்சிய துணியை, கால்வாய்க் கரையில் மூட்டை மூட்டையாகப் போட்டுவைத்திருந்தது. மழை அதை ஆற்றுக்குள் இறக்கியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஊரில் அந்த வேஸ்ட்டை விலைக்கு வாங்க அடிதடியே நடக்கும்!

"தாந்தின், நதி மிகவும் அசுத்தமாக உள்ளது," என்றாள் அண்ணனின் மாணவி தேவினா, பாடப்புத்தகத் தமிழில். தாந்தின் என்றால் அத்தை. பிள்ளைகளைக் கூட்டிவந்தவள் அவள்தான். ஆலைக்குப் போய் எத்தனையோ முறை சொல்லியும் பலனில்லையாம்.

வாரி எடுத்த ஈரத்துணியை எங்கே போடுவது? சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. காற்றில் பறந்துவிடாமல் ஒவ்வொரு கீற்றையும் ஆலையின் கம்பிவேலியில் முடிச்சுப்போட்டுக் கட்டினார்கள். அந்தப் பருவத்து ஆர்டர் மஞ்சள் போலிருக்கிறது, வேலி முழுக்க மஞ்சள்தான்.

மறுநாள் மதியம் தேவினா தன் அம்மா லீலாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள், நானும் கூடப் போனேன். லீலா அதே ஆலையில் தையல் வேலை செய்பவர். காவலாளிகள் வேலியை விட்டு எட்டி நின்றார்கள். காவடி வாரத்தில் மஞ்சள் முடிச்சு என்றால் ஏதோ வேண்டுதல், தொட்டால் வம்பு என்று ஒருத்தரும் கைவைக்கவில்லை. பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நினைப்பே கிடையாது!

மேலாளர் லீலாவைக் கூப்பிட்டார். பிரெஞ்சில் அவர் சொன்னதைத் தேவினா என் காதில் சொன்னாள். "உங்கள் ஆட்கள் செய்த வேலை. நீ அவிழ்க்க வேண்டும். இல்லை என்றால், நாளைய காவடி விடுமுறை முடிந்ததும் நீ வேலைக்கு வர வேண்டாம்." அப்பா இல்லாத வீடு. அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பும் எரிந்தது, அவள் படிப்பும் நடந்தது. தானே அவிழ்த்துவிடுவதாகத் தேவினா பாய்ந்தாள். லீலா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மோ தாங் கரேம், மிஸ்யே," என்றார். நான் விரதத்தில் இருக்கிறேன், ஐயா.

காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்தை அங்கே கரேம் என்பார்கள். கரேமில் துணியைத் தொடக்கூடாது என்று யார் சொன்னது? காலை முழுக்க அதே மஞ்சள் துணியைத்தான் தைத்துக்கொண்டிருந்தார் மனுஷி!

மேலாளர், லீலாவோடு தைக்கும் மரியை அவிழ்க்கச் சொல்லிக் கைகாட்டினார். மரியின் கழுத்தில் சிலுவை தொங்கியது. கத்தோலிக்கர்களின் தவக்காலமும் கரேம்தான், ஆனால் அது தொடங்க இன்னும் வாரங்கள் கிடந்தன.

"மோ ஓசி, மிஸ்யே," என்றார் மரி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். நானும்தான்.

பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தராக "மோ ஓசி" என்றார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. வேலை உண்டா இல்லையா என்று சொல்லாமலே மேலாளர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள், காவடியன்று, மழை இல்லை, ஆறு தெளிந்திருந்தது. லீலா பால்செம்பு எடுத்தார். தேவினா அம்மாவின் முகத்தையே பார்த்தபடி கூட நடந்தாள், எனக்கும் சாமி மேல் கவனம் போகவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். செருப்பில்லாமல் நடக்கத் தார்ரோடு கொதிக்கும், நிழலோரம் பிடியுங்கள். கோவிலில் இலைச்சாப்பாடு போடுவார்கள், வெளியே தேடாதீர்கள். நான் போன காலத்தில் இருட்டிய பிறகு பஸ் கிடைக்கவில்லை, இப்போது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, காவடி முடிந்த மறுநாளே விமானம் ஏறிவிடாதீர்கள். நான் ஒரு நாள் கூடுதலாகத் தங்கியதால்தான் அன்று காலை ஆலை வாசலில் தேவினாவோடு நிற்க முடிந்தது.

மேலாளர் வாசலிலேயே காத்திருந்தார். "கரேம் முடிந்ததா?" என்று லீலாவைக் கேட்டார்.

லீலா திரும்பிக் கால்வாய்க் கரையைப் பார்த்தார். மூட்டை ஒன்றுகூட இல்லை, சேற்றில் லாரித் தடம் மட்டும் இருந்தது.

"முடிந்தது, மிஸ்யே," என்று சொல்லிவிட்டு, முதல் முடிச்சை லீலாவே அவிழ்த்தார்.