காட்டுநெல் தட்டப் போனவள்

இது நடந்தது. தையல்காரி இதை ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரே ஒரு முறை சொன்னாள். பொய் சொல்கிறவர்கள் கேட்பவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் பார்க்கவில்லை.

தங்கையை வளர்த்து ஆளாக்கிக் கல்யாணம் பண்ணி அனுப்பிய பிறகு, கடைக்கு மேலிருந்த அறையில் அவள் ஒண்டிக்கட்டை. மற்ற நாட்களில் மெஷின் சத்தம் துணை. ஞாயிற்றுக்கிழமையை நெட்டித் தள்ளுவதுதான் பெரும்பாடு. அப்போதுதான் ஆற்றோரம் காட்டுநெல் விளைந்து கிடக்கிறது என்று துணி தைக்க வந்தவர் ஒருவர் சொன்னார். விதைத்தவர் கிடையாது, எடுத்தவருக்குச் சொந்தம்.

ஆற்றங்கரைப் படகுக்காரரிடம் ஒரு சின்னப் படகை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். முதலில் வெறும் நாணலைத் தட்டி ஏமாந்தாள். போகப் போகப் பிடிபட்டது. நெல்லென்றால் மணியின் நுனியில் நீளமாக மீசை இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில்தான் நிற்கும். ஒரு குச்சியால் கதிரைப் படகுக்குள் வளைத்து, இன்னொரு குச்சியால் மெல்லத் தட்ட வேண்டும். பழுத்தது மட்டும் உதிரும். மற்றது செடியிலேயே நிற்கும்.

அன்றைக்கு விடிந்தும் விடியாத நேரம். ஆற்றின் மேல் மூடுபனி. தட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

டொக்... டொக்...

கதிர்களுக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ தட்டினார்கள்.

"யாருங்க?"

ஒரு வறட்டு இருமல். பிறகு ஓர் ஆண் குரல், சாந்தமாக. "உங்கள மாதிரிதான். நெல்லுக்கு வந்தேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆள் தெரியாவிட்டால் என்ன, பேச்சு இருக்கிறதே. தொழிலைப் பற்றிக் கேட்டார். தங்கையைப் பற்றிக் கேட்டார். அவளிடம் யாரும் இப்படி உட்கார்ந்து கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. வாய் ஓயாமல் சொன்னாள். நடுநடுவே அந்த இருமல். "இந்தப் பக்கம் நல்லா பழுத்திருக்கு, வாங்க" என்பார். அவள் நீளக் கோலை ஊன்றிப் படகை நகர்த்துவாள். குரல் மட்டும் அதே தூரத்திலேயே இருந்தது.

அந்தப் பக்கத்துக் கதிர் ஒன்றுகூட ஆடவில்லை. அதை அவள் பார்த்தாள். பனியில் சரியாகத் தெரியவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"நேரமானா வீட்ல தேட மாட்டாங்களா?"

"தேட யாருமில்லைங்க."

தட்டும் சத்தம் நின்றது.

"அப்போ... இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க."

கோலை ஊன்றினாள். கோல் இறங்கியது... இறங்கிக்கொண்டே போனது. தரை தட்டவில்லை.

சுற்றிலும் பார்த்தாள்.

கதிர் இல்லை. நாணல் இல்லை.

நடு ஆறு.

டொக்... டொக்...

அவள் காலடியில். படகின் அடிப்பலகையில். தண்ணீருக்குள்ளிருந்து.

பிறகு அந்த இருமல். அதுவும் கீழேயிருந்து...

கோலையே துடுப்பாக்கித் தள்ளினாளாம். கரை எப்படி வந்தது என்று அவளுக்கு நினைவில்லை. படகுக்காரர் தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். நடந்ததையெல்லாம் அவரிடம் உளறிக் கொட்டினாள்.

"இருமினாரா?" என்றார்.

"ஆமா. வறட்டு இருமல்."

அவர் கயிற்றைக் கட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அது தபால் ஆபீஸ்ல இருந்தவரு, அக்கா. சம்சாரம் போனப்புறம் தனிக்கட்டை. போன வருஷம் இதே படகுலதான் போனாரு. படகு மட்டும் கரை ஒதுங்குச்சு. உள்ள நெறைய நெல்லு. ஆள ஆறு இன்னும் குடுக்கல."

அவள் படகின் அடிப்பலகையைப் பார்த்தாள்.

"அதுக்கு முந்தின வாரம் திரும்பி வந்தப்ப மனுஷன் முகமெல்லாம் சிரிப்பு. நான்தான் பெருசா எடுத்துக்கல. 'அந்தப் பக்கம் ஒரு அம்மா நெல்லு தட்டுறாங்கப்பா. ரொம்ப நல்லா பேசுறாங்க. மறுபடியும் வரச் சொல்லியிருக்காங்க'ன்னாரு."