உரசி நிற்கும் பேடு

பிரேசர் டவுன் கார் ஷெட்டில் அவள் வந்து சேர்ந்தபோது நான் அங்கே பதினான்கு வருட மெக்கானிக். அவளும் மெக்கானிக்; வைட்ஃபீல்டில் பெரிய சர்வீஸ் சென்டரில் இருந்தவள். மூன்றே மாதத்தில், வண்டி கொண்டுவருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அந்த மேடம் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வயிறு எரிந்தது. அவள் சிரித்துப் பேசுவதுகூட எனக்குப் பிடிக்காமல் போனது.

ஒருநாள் காலை, ரிட்டயரான வாத்தியார் ஒருவரின் காரில் முன்சக்கர பிரேக் பேடு மாற்றிவிட்டு அவள் டீ குடிக்கப் போனாள். வாத்தியார் ஜாக்கியில் நின்ற சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். சர்ரென்று லேசான சத்தம்.

"என்னப்பா, உரசுதே?"

டிஸ்க் பிரேக் அப்படித்தான். பெடலிலிருந்து காலை எடுத்ததும், பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் அதை முடியளவு பின்னுக்கு இழுக்கும். பேடு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை ஒட்டியே நிற்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும், "சரியா போடல சார். நான் பாக்கறேன்," என்றேன்.

பிஸ்டனை உள்ளே தள்ளிவிட்டேன். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது.

"இதுதான்பா வேலை!"

அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அந்த மிதப்பில், பேடு மறுபடி டிஸ்க்கோடு சேரும்வரை பெடலை நாலைந்து முறை மிதிக்க வேண்டும் என்பதையே மறந்து, வண்டியை இறக்கி ஓட்டினேன்.

கேட்டருகே பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போனது. எதிரே அவள் வந்துகொண்டிருந்தாள்.

"ஹேண்ட் பிரேக் இழுங்கண்ணா!" என்று கத்திக்கொண்டே விலகினாள். இழுத்தேன். வண்டி கேட்டில் இடித்து நின்றது. பம்பரில் விரிசல்.

அவள் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தாள். நான் என்ன செய்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒருமுறை பார்த்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் வாத்தியார்.

"பெடல் செட் ஆகல சார். பேடு ஸ்வல்ப, லேசா உரசிட்டுதான் இருக்கணும். ரொம்பத் தள்ளிப் போச்சுன்னா மிதிச்சவுடனே பிடிக்காது."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மத்தியானம் நானே போய் முதலாளியிடம் சொன்னேன். திட்டினார். புது பம்பரை என் கையாலேயே மாட்டினேன். அவள் வந்து மறுமுனையைத் தூக்கிப் பிடித்தாள்.

"விடுங்கண்ணா, யாருக்கும் அடி படலையே," என்றாள்.

அவளால் அப்படிச் சொல்ல முடிந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன். அன்றைக்கு அவள்மேல் எனக்கிருந்த பொறாமை இன்னும் கூடத்தான் செய்தது.